துறைக்கு ஒரு பின்லாந்துக்காரர் போதுமா?

30 நவம்பர் 2024 (கேள்வி)

அக்கா, எங்கள் வாசிகசாலைச் சுவரில் மாதம் ஒரு நாடு போடுகிறோம். டிசம்பருக்குப் பின்லாந்து. விளையாட்டு, அரசியல், இசை, இராணுவம் என்று நான்கு சட்டகம், சட்டகத்துக்கு ஒருவர். எங்கே தேடினாலும் மறைந்திருந்து சுடும் சிமோ ஹேய்ஹா என்ற சினைப்பர்தான் வருகிறார். இராணுவத்துக்கு அவரைப் போட்டாயிற்று. அந்த நாட்டில் பெரிய ஆள் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. மற்ற மூன்று பெயரையும் நீங்கள் சொல்லுங்கள்.

30 நவம்பர் 2024, இரவு 9.50

கேள்வி வந்த தேதியைப் பார்த்தீர்களா தம்பி? 1939 நவம்பர் 30 அன்றுதான் சோவியத் விமானங்கள் ஹெல்சிங்கியில் குண்டு போட்டன. அன்று தொடங்கிய குளிர்காலப் போர் 105 நாள் நடந்தது. ஹேய்ஹா பெயர் எடுத்தது அந்த 105 நாளுக்குள்.

அவரைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதானால் முழு ஆளையும் போடுங்கள். 1905-இல் ரவுத்யார்வியில் பிறந்த விவசாயி, ஐந்தேகால் அடி உயரம். கொல்லா போர்முனையில் நின்றவர். துவக்கில் தொலைநோக்கி பூட்டவில்லை. பூட்டினால் தலையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், கண்ணாடியில் வெயில் பட்டு மின்னும். மூச்சு ஆவி தெரியாமலிருக்க வாயில் பனியை அடக்கிக்கொள்வார். சுடும்போது பனித்தூள் கிளம்பாதபடி துவக்கு முனைக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பனியை இறுக வைப்பார். மார்ச் 6 அன்று ஒரு சன்னம் அவருடைய இடது தாடையைக் கிழித்துக்கொண்டு போனது. நினைவு திரும்பியது மார்ச் 13. அன்றைக்குத்தான் போரும் ஓய்ந்தது.

அவர் சுட்டுக் கொன்றது 500 பேருக்கு மேல் என்ற கணக்கைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். காயம்பட்டுக் கொஞ்ச மாதத்துக்குள் அவர் எழுதி வைத்த கொப்பி ஒன்று 2017-இல் வெளியே வந்தது. அதில் அந்தக் கணக்கைப் ‘பாவப் பட்டியல்’ என்று குறித்திருக்கிறார். சுவரில் எண்ணைப் போட்டால் இந்தச் சொல்லையும் பக்கத்தில் போடுங்கள்.

பெரிய ஆள் அவர் ஒருவர்தான் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே பின்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். போர்க்காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்தான் இப்போது அங்கே இருக்கிறார்கள். ஹேய்ஹா பெயரைச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். தாங்களாகக் கதைக்கத் தொடங்கினால் வருகிற பெயர்கள் வேறு. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

1 டிசம்பர் 2024, காலை 7.15

விளையாட்டுக்குப் பாவோ நூர்மி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1897-இல் துர்க்கு நகரில் ஒரு தச்சருடைய மகனாகப் பிறந்தவர். 12 வயதில் அப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பேக்கரிக்குச் சாமான் கொண்டுபோகும் வேலை. துர்க்குவின் மேடுகளில் தள்ளுவண்டியைத் தள்ளித் தள்ளித்தான் அந்தக் கால்கள் உருவாயின. 15 வயதாக இருக்கும்போது, 1912-இல், ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹன்னஸ் கோலெமைனன் மூன்று தங்கம் வென்ற செய்தி வந்தது. சில நாளில் நூர்மி தன் முதல் ஓட்டச் சப்பாத்தை வாங்கினார்.

1920, 1924, 1928 என்று மூன்று ஒலிம்பிக்கில் 9 தங்கம், 3 வெள்ளி. 1924 ஜூலை 10 அன்று பாரிஸில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியை வென்றார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் 5000 மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்து நின்று அதையும் வென்றார். இரண்டு நாள் கழித்து, தாங்க முடியாத வெயிலில் நாடு கடந்த ஓட்டம். 38 பேர் புறப்பட்டு 15 பேர்தான் முடித்தார்கள். முதலில் வந்தவர் நூர்மி. கையில் எப்போதும் ஒரு நிறுத்தற் கடிகாரம். பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார்.

1932-இல் லொஸ் ஏஞ்சலிஸ் வரை போன பிறகு, காசு வாங்கி ஓடியவர் என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1952-இல் ஹெல்சிங்கியிலேயே ஒலிம்பிக் நடந்தபோது சுடரை ஏந்தி மைதானத்துக்குள் ஓடி வந்தவர் அவர்தான். 55 வயது. கோபுரத்தின் உச்சியில் சுடரை ஏற்றியவரும் அவரே.

1 டிசம்பர் 2024, மாலை 6.30

மேலே கடைசி வரி பிழை. வேலைக்குப் போகும் அவசரத்தில் எழுதிவிட்டேன். நூர்மி ஏற்றியது கீழே ஓடுபாதைப் பக்கத்தில் இருந்த கொப்பரையை. கோபுரத்தின் மேல் ஏற்றியவர் ஹன்னஸ் கோலெமைனன். பிழையைத் திருத்தப் போனால் கதை இன்னும் வடிவாக வருகிறது. சப்பாத்து வாங்க வைத்தவரும் வாங்கிய பையனும், நாற்பது வருடம் கழித்து ஒரே நாளில் ஒரே மைதானத்தில்.

கோலெமைனனைப் பற்றி இன்னொன்று. 1912-இல் பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அவர் வென்றபோது கம்பத்தில் ஏறியது ரஷ்யக் கொடி. அதைப் பார்த்தபோது வெல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியதாக அவர் சொன்னார். இதை விளையாட்டுச் சட்டகத்தில் போடுவதா, அரசியலில் போடுவதா என்று யோசித்துப் பாருங்கள்.

3 டிசம்பர் 2024

அரசியலுக்கு ஊர்ஹோ கெக்கொனென். 1956 முதல் 1982 வரை ஜனாதிபதி. கால் நூற்றாண்டு! இல்லத்தில் உள்ள பலருக்கு வாலிபம் முழுக்க ஒரே ஜனாதிபதிதான். பக்கத்தில் சோவியத் யூனியன் என்ற மலை. அதோடு சண்டையும் பிடிக்காமல், அதற்குள் கரைந்தும் போகாமல் நாட்டைக் கொண்டு நடத்தியவர். 1960-இல் அவருடைய 60-வது பிறந்தநாளுக்கு வந்த குருஷ்சேவைத் தன் வீட்டுச் சோனா என்ற நீராவிக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். 1975-இல் அமெரிக்காவையும் சோவியத்தையும் மற்ற ஐரோப்பிய நாடுகளையும் ஹெல்சிங்கியில் ஒரே மேசையில் கையெழுத்துப் போட வைத்தார்.

இந்த மனிதர் 1924-இல் பின்லாந்தின் உயரம் பாய்தல் சாம்பியன் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1.85 மீட்டர். பிறகு பல வருடம் நாட்டின் தடகளச் சங்கத்துக்குத் தலைவர். 1952-இல் பிரதமர். கூட்டத்துக்கு முன்னால் வரவே விரும்பாத நூர்மியைச் சுடர் ஏந்தச் சம்மதிக்க வைத்ததே கெக்கொனென்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1967-இல் நடந்தது. நூர்மிக்கு 70 வயது. வானொலிக்காரர்கள் பேட்டி கேட்கிறார்கள். அவர் பேட்டி கொடுக்கிற ஆளே இல்லை. கேள்வி கேட்கப் போகிறவர் ஜனாதிபதி என்று தெரிந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். நாட்டின் ஜனாதிபதி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓட்டக்காரரிடம் கேள்வி கேட்கிறார். 1973-இல் நூர்மிக்கு அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தபோது உரையாற்றியவரும் அவரே.

இப்போது உங்கள் இரண்டு சட்டகமும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன தம்பி. இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அந்தத் தலைமுறைக்குப் பிழைத்து எழும்ப வேண்டிய நாடு ஒன்றே ஒன்று இருந்தது, ஆட்களும் கொஞ்சம். ஓடத் தெரிந்தவரும் பாடத் தெரிந்தவரும் சுடத் தெரிந்தவரும் அதே ஆட்கள், அல்லது ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

6 டிசம்பர் 2024, சுதந்திர நாள்

இன்று மாலை வீட்டு யன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுதிரி எரிகிறது. எங்கள் கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரர் சரியாக ஆறு மணிக்கு ஏற்றினார். எட்டு மணிக்கு அணைப்பார். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

இராணுவம் என்றால் மன்னர்ஹைமை ஏன் விட்டேன் என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். விடவில்லை, தயங்கினேன். அவருடைய தாய்மொழி சுவீடிஷ். முப்பது வருடம் ரஷ்யச் சக்கரவர்த்தியின் படையில் அதிகாரி. 1906 முதல் 1908 வரை மத்திய ஆசியாவிலிருந்து பீஜிங் வரை குதிரையில் போய் ரஷ்யாவுக்காக வேவு பார்த்தவர். வழியில் வூதாய் மலையில் 13-வது தலாய் லாமாவைச் சந்தித்துத் தன் கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தார். பின்னிஷ் மொழியை ஐம்பது வயதுக்கு மேல்தான் ஒழுங்காகப் படித்தார். அந்த மனிதர்தான் குளிர்காலப் போரிலும் அதற்குப் பிறகு 1941 முதல் 1944 வரை சோவியத்தோடு நடந்த தொடர்போரிலும் தளபதி, 1944-இல் ஜனாதிபதி.

தயக்கத்துக்குக் காரணம் 1918. சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் ஆவதற்குள் உள்நாட்டுப் போர். அரசுப் பக்கம் நின்ற ‘வெள்ளையர்’ படைக்குத் தளபதி மன்னர்ஹைம். எதிரே ‘சிவப்பர்’ பக்கம் நின்றது தொழிலாளர்களும் குத்தகை விவசாயிகளும். 35,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் பெருந்தொகை, போர் முடிந்த பிறகு சிறை முகாம்களில் பசியிலும் நோயிலும் போன சிவப்பர். இல்லத்தில் ஒரு ஐயாவுக்கு நான் ஒருமுறை மன்னர்ஹைமின் படம் போட்ட பழைய புத்தகத்தைப் பார்க்கக் கொடுத்தேன். அதை வாங்கி, அட்டையைக் கீழே பார்க்கத் திருப்பி, மேசையில் வைத்தார். தேத்தண்ணீர் முடியும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, ‘என் தாத்தா தம்மிசாரி முகாமில்’ என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் முன் கெக்கொனெனைப் புகழ்ந்து எழுதினேனே, அதையும் இங்கே நிறைவு செய்ய வேண்டும். அவர் 1918-இல் 17 வயதுப் பையன், வெள்ளையர் படையில். ஹமினாவில் கைதிகளைச் சுடும்படி கட்டளை கொடுத்தவர் அவர். அந்தப் பொறுப்பு தற்செயலாகத் தன் தலையில் விழுந்ததாகப் பிற்காலத்தில் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். விளையாட்டும் தப்பவில்லை. 1919-இல் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனி விளையாட்டுச் சம்மேளனம் தொடங்கினார்கள். வெகுகாலம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைதானம், தனித்தனிக் கழகம்.

எதிர்வீட்டு மெழுகுதிரி இன்னும் எரிகிறது.

8 டிசம்பர் 2024

இன்று ஜான் சிபேலியஸ் பிறந்த நாள். 1865, ஹமென்லின்னா. நாடு முழுக்கக் கொடி ஏறியிருக்கிறது. ஒரு இசைக்காரருக்காகக் கொடி ஏற்றுகிற நாட்டில் இருக்கிறேன் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சியான ஆச்சரியம்.

ரஷ்யத் தணிக்கைக் காலத்தில் அவர் எழுதிய ‘பின்லாந்தியா’வை வேறு வேறு பெயர் போட்டு வாசித்தார்கள், சொந்தப் பெயரில் வாசித்தால் பொலிஸ் வரும் என்பதால். அவருக்கும் வீட்டு மொழி சுவீடிஷ்தான்.

இரண்டு கோடைக்கு முன் யார்வென்பாவில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போனேன். ஐனோலா என்று பெயர், மனைவி ஐனோவின் பெயரால். மரவீடு. அவர் இருந்தவரை வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் போடவில்லை, குழாயின் சத்தம் எழுத விடாது என்று. ஆறு பெண் பிள்ளைகளைப் பெற்ற குடும்பம்! வாளியில் தண்ணீர் சுமந்தது யார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சாப்பாட்டறையில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய கணப்படுப்பு இருக்கிறது. அவருக்கு நிறமும் சுரமும் ஒன்றாகவே கேட்கும். அந்தப் பச்சையை எஃப் மேஜர் என்பாராம். கிட்டப்போய்ப் பார்த்தால் ஓடுகளின் பளபளப்பில் நம் முகம் நெளிந்து தெரியும். அடுப்பின் வாய்க்குள் கரி.

அந்தக் கரியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கால் நகரவில்லை. 1926-க்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை என்று...

8 டிசம்பர் 2024, இரவு 11.20

இடையில் தொலைபேசி வந்துவிட்டது. மேலே எழுதத் தொடங்கியதைத் திருத்தியே தொடர்கிறேன். ஒன்றும் எழுதவில்லை என்பது சரியில்லை. சின்னச் சின்னப் படைப்புகள் அதற்குப் பிறகும் வந்தன. எட்டாவது சிம்பொனியில் பல வருடம் உழைத்தார். 1940-களில் ஒரு நாள் கையெழுத்துப் பிரதிகளை உடுப்புக் கூடையில் அள்ளிக்கொண்டுவந்து சாப்பாட்டறை நெருப்பில் போட்டார். பார்த்துக்கொண்டு நிற்கத் தன்னால் முடியவில்லை என்று ஐனோ பிறகு சொன்னார். எட்டாவது சிம்பொனி அப்படித்தான் போனது என்று நம்புகிறார்கள். முப்பது வருடம் நாடும் உலகமும் அந்த வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தன. பெரிய படைப்பு எதுவும் வரவில்லை.

1915 ஏப்ரலில் ஒரு நாள் 16 அன்னங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டுப் போனதைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் கொம்புகள் ஊதுகிற அந்த அசைவு அந்த அன்னங்களோடு சேர்ந்தது. 1957 செப்டம்பர் 20 மாலை அவர் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஹெல்சிங்கியில் மேடையில் அதே ஐந்தாவது சிம்பொனி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இசைச் சட்டகத்தில் அவரைப் போடுங்கள். தாடியில்லாத, மொட்டைத் தலைக் கிழவர் படம் வேண்டாம். இளவயதுப் படம் போடுங்கள், மீசை முறுக்கியது.

15 டிசம்பர் 2024

இசைக்கு இன்னொருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வீலி வெஸ்தெரினென், அக்கோர்டியன் வாசித்தவர்.

1941 ஆகஸ்ட் கடைசியில் பின்லாந்துப் படை வீபுரி நகரத்தைத் திருப்பிப் பிடித்தது. போன சோவியத் படை நகரம் முழுக்கக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தது. தூரத்திலிருந்து வானொலி அலையில் குறிப்பிட்ட மூன்று சுரத்தை அனுப்பினால் வெடிக்கும். அந்த மூன்று சுரமும் உள்ளே நுழைய முடியாதபடி அதே அலைவரிசையை விடாமல் சத்தத்தால் நிரப்ப வேண்டும். அதற்கு வேகமாக ஓடுகிற இசை வேண்டும். எடுத்தது வெஸ்தெரினென் வாசித்திருந்த சாக்கியார்வி போல்கா இசைத்தட்டு. செப்டம்பரிலிருந்து பெப்ரவரித் தொடக்கம்வரை, கண்ணிவெடிகளின் மின்கலம் செத்துப் போகும்வரை, இரவு பகலாக ஏறக்குறைய 1,500 தடவை ஓடியது. இது இசையா, இராணுவமா?

அதோடு இன்னொன்று. சாக்கியார்வி என்ற ஊரே இப்போது பின்லாந்தில் இல்லை. கிழக்கே இருந்த கரேலியாவோடு சேர்ந்து சோவியத்துக்குப் போய்விட்டது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட கரேலியச் சனம் வீடுவாசல் விட்டு மேற்கே வந்தது. 1940-இல் ஒருமுறை, திரும்பிப் போய்க் குடியிருந்த பிறகு 1944-இல் இன்னொருமுறை. இல்லத்தில் அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். பெயர், நாள், சாப்பிட்டதா இல்லையா எல்லாம் மறந்து போகும். இந்தப் போல்காவைப் போட்டால் வலது கால் பெருவிரல் மட்டும் சப்பாத்துக்குள் தட்டும். முகத்தில் ஒரு மாற்றமும் இராது. விரல் மட்டும், தாளம் பிசகாமல்.

19 டிசம்பர் 2024

கியோஸ்தி கல்லியோவின் நாள் இன்று. நிவாலா ஊர் விவசாயி, நான்கு முறை பிரதமர், குளிர்காலப் போரின்போது ஜனாதிபதி.

1940 மார்ச்சில் சமாதான ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய நேரம். கரேலியா கையை விட்டுப் போகிறது. ‘இப்படியொரு காகிதத்தில் கையெழுத்திட வைக்கப்பட்ட என் கை உலர்ந்து போகட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போட்டார். அந்த ஆகஸ்டில் வாதம் வந்து வலது கை விளங்காமல் போனது.

பதவியிலிருந்து விலகினார். 1940 டிசம்பர் 19 மாலை ஊருக்குப் போக ஹெல்சிங்கி புகையிரத நிலையத்துக்கு வந்தார். வழியனுப்ப அணிவகுப்பு, வாத்தியம், சனக் கூட்டம். புகையிரதத்துக்கு நடந்து போகிற வழியிலேயே சரிந்தார். மன்னர்ஹைமின் கையில் உயிர் போனது.

வேலை முடிந்து அந்த நிலையத்தால்தான் வீட்டுக்குப் போகிறேன். இன்று கொஞ்ச நேரம் நின்றேன். எல்லோரும் நத்தார்ச் சாமான் பைகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

20 டிசம்பர் 2024

மன்னர்ஹைமின் கையில் என்று எழுதியது சனம் சொல்கிற கதை. தாங்கிப் பிடித்தவர் ஜனாதிபதியின் உதவி அதிகாரி. மன்னர்ஹைம் பக்கத்தில் நின்றார். நேற்று உணர்ச்சியில் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

26 டிசம்பர் 2024

ஆழிப்பேரலை அடித்து இன்றோடு இருபது வருடம். இன்றைக்கு மார்த்தி ஆத்திசாரியைத் தவிர வேறு யாரையும் எழுத எனக்கு மனம் இல்லை.

1937-இல் வீபுரியில் பிறந்தவர். இரண்டு வயதில் தாயோடு ஊரை விட்டு ஓடிவந்த பிள்ளை. அந்த நாலு இலட்சத்தில் ஒருவர். பிறகு ஐ.நா.வில் நமீபியாவின் சுதந்திரத்துக்கு உழைத்து, 1994 முதல் 2000 வரை ஜனாதிபதியாக இருந்து, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அச்சே பேச்சுவார்த்தையைக் கையில் எடுத்தார். இந்தோனேசிய அரசுக்கும் சுதந்திர அச்சே இயக்கத்துக்கும் முப்பது வருடத்துக்குக் கிட்டச் சண்டை. அலை அடித்து ஒரு மாதத்துக்குள், 2005 ஜனவரியில், இரண்டு பக்கத்தையும் கூட்டிவந்து உட்கார வைத்தார். உட்கார்ந்த இடம் வந்தா நகரத்தில் கோனிக்ஸ்டெட் என்ற பழைய மாளிகை. நானும் வந்தாவில்தான் இருக்கிறேன். ஆறு சுற்றிப் போகிற வடிவான இடம். அந்த ஆகஸ்ட் 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 2008-இல் நோபல் சமாதானப் பரிசு. 2023 ஒக்டோபரில் இறந்தார்.

அதே அலை எங்கள் கரையிலும் அடித்தது. அப்போது யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினொரு வயது. 2002-இலிருந்து போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள் எங்கள் வீதியால் போகும். நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து, பின்லாந்து என்று ஐந்து நாட்டு ஆட்கள். அதில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் சோடா வாங்கிக் குடிப்பார். எந்த நாடு என்று நாங்கள் கேட்டதில்லை. 2006-இல் புலிகளை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்த பிறகு, ஒன்றியத்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் போக வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். செப்டம்பருக்குள் பின்லாந்து, சுவீடன், டென்மார்க் ஆட்கள் போய்விட்டார்கள். பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.

கோனிக்ஸ்டெட் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் அந்த மேசையைத்தான் நினைப்பேன். அச்சேக்குப் போட்ட மேசை.

12 ஜனவரி 2025

உங்கள் சுவரில் இப்போது வேறு நாடு வந்திருக்கும். ஆனாலும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் எங்கே என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். நானே முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மீனா சில்லன்பா. 1866-இல் பிறந்தவர். 12 வயதில் போர்ஸா பஞ்சாலையில் வேலைக்குப் போனார். பிறகு வீட்டு வேலைக்காரி. 1898-இல் வீட்டு வேலைக்காரிகளுக்கென்று ஒரு சங்கம் கட்டினார். 1906-இல் பின்லாந்துப் பெண்களுக்கு வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தன. 1907-இல் பாராளுமன்றத்துக்குப் போன முதல் 19 பெண்களில் அவர் ஒருவர். எல்லாமாக 38 வருடம் அங்கே இருந்தார். 1926-இல் நாட்டின் முதல் பெண் அமைச்சர். ஒக்டோபர் 1 அன்று அவருக்காகவும் கொடி ஏறுகிறது.

2000-இல் தார்யா ஹலொனென் ஜனாதிபதியானதும், 2019-இல் 34 வயதில் சன்னா மரீன் பிரதமரானதும் செய்தியில் எல்லோரும் பார்த்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 12 வயதுப் பஞ்சாலைப் பிள்ளை. ஐனோலாவில் தண்ணீர் சுமந்தது யார் என்று மேலே கேட்டேன். அப்படிச் சுமந்த கைகளுக்குத்தான் அவர் சங்கம் கட்டினார்.

19 ஜனவரி 2025

கெக்கொனென் மாதிரி விளையாட்டிலிருந்து அரசியலுக்குப் போனவர்கள் வேறு யார் என்று கேள்வி. சுருக்கமாக இரண்டு பேர்.

லாஸ்ஸே வீரேன், மியூர்ஸ்கியூலா ஊர்ப் பொலிஸ்காரர். 1972 மியூனிக் 10,000 மீட்டர் இறுதியில் 12-வது சுற்றில் தடுக்கி விழுந்தார். எழும்பி ஓடித் தங்கம், உலக சாதனை 27 நிமிடம் 38.4 விநாடி. 5000 மீட்டரிலும் தங்கம். 1976-இல் அந்த இரண்டும் மறுபடி. பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினர்.

யூஹா மியெத்தோ, பனிச்சறுக்குக்காரர், பெரிய தாடி. 1980-இல் 15 கிலோமீட்டர் போட்டியில் சுவீடன்காரர் தோமஸ் வாஸ்பெரியிடம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் தங்கத்தைத் தவறவிட்டார். நாற்பது நிமிடத்துக்கு மேல் பனியில் ஓடி, நூறில் ஒரு பங்கு! அதற்குப் பிறகு பத்தில் ஒரு பங்குவரைதான் நேரம் எடுப்பது என்று விதியையே மாற்றினார்கள். இவரும் பாராளுமன்றம் போனவர்.

2 பெப்ரவரி 2025

‘இவர்களில் தோற்றுப் போனவர் யாரும் இல்லையா’ என்று கேட்டவருக்கு: ரிஸ்தோ ரூதி.

மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர், கணக்குப் புலி, கல்லியோவுக்கு அடுத்த ஜனாதிபதி. 1944 ஜூனில் சோவியத் படை பெருந்தாக்குதலில் முன்னேறுகிறது. ஜெர்மனி ஆயுதம் தரும், ஆனால் தனியாகச் சமாதானம் செய்ய மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். ரூதி நாட்டின் பெயரால் ஒப்பந்தம் போடாமல் தன் சொந்தப் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆயுதம் வந்தது, முனை நின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பதவியை விட்டார். எழுதியவர் போய்விட்டார், அந்த வாக்கு நாட்டைக் கட்டாது என்று மன்னர்ஹைம் சமாதானத்துக்குப் போனார். போருக்குப் பிறகு வழக்கு. தளபதியை யாரும் தொடவில்லை. ரூதி உட்பட எட்டுப் பேருக்குத் தண்டனை, ரூதிக்குப் பத்து வருடம். 1949-இல் உடல் உடைந்து வெளியே வந்தார். 1956-இல் இறந்தார்.

ஜெர்மனியோடு சேர்ந்து நின்ற அந்த வருடங்களை நான் நியாயப்படுத்த மாட்டேன். கடிதத்தின் கீழே தன் பெயரை மட்டும் போட்ட அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்லியோவின் கையும் கூடவே நினைவுக்கு வருகிறது.

11 பெப்ரவரி 2025

இதற்காகத்தான் இரண்டு மாதமாக இந்த இழையை மூட விடாமல் வைத்திருந்தேன்.

1932 லொஸ் ஏஞ்சலிஸ், 5000 மீட்டர். லௌரி லெஹ்தினென் தங்கம் வென்றார். கடைசி நேரத்தில் அமெரிக்கர் ரால்ஃப் ஹில்லுக்கு வழிவிடாமல் குறுக்கே போனார் என்று கூட்டம் கூவியது. நான்கு வருடம் கழித்து பெர்லினில் அதே ஓட்டம். இம்முறை குன்னர் ஹோக்கெர்ட் தங்கம், லெஹ்தினென் வெள்ளி.

1940 ஒலிம்பிக் ஹெல்சிங்கியில் நடக்க இருந்தது. மைதானம் 1938-இலேயே கட்டி முடிந்தது. அதன் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர், 1932-இல் மத்தி யார்வினென் ஈட்டியை எறிந்து தங்கம் வென்ற தூரம். நான் மேலே ஏறிப் பார்த்திருக்கிறேன். அங்கே நின்று கீழே பார்த்தால், இவ்வளவு தூரத்துக்கு ஒரு மனிதன் எறிந்தானா என்று வயிறு கூசும். ஒலிம்பிக்குக்குப் பதிலாகப் போர் வந்தது. நூர்மியும், 10,000 மீட்டரை 30 நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய தைஸ்தோ மாகியும் அமெரிக்காவுக்குப் போய் நாட்டுக்காக ஓடிக் காசு சேர்த்தார்கள். ஹோக்கெர்ட் முனைக்குப் போனார்.

1940 பெப்ரவரி 11 அன்று கரேலியப் பூசந்தியில் செத்தார். அடுத்த நாள் அவருக்கு 30 வயது முடிந்திருக்கும்.

லெஹ்தினென் தன் ஒரே ஒலிம்பிக் தங்கத்தை, 1932-இல் வென்ற அந்தப் பதக்கத்தை, பூசந்தியில் திறமையாகப் போரிட்ட ஒரு சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார். தன்னைப் பெர்லினில் தோற்கடித்தவரின் நினைவாக.

ஹேய்ஹாவின் படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை தம்பி. பக்கத்தில் இந்த இரண்டு பேரையும் வையுங்கள்.

13 மார்ச் 2025

ஹோக்கெர்ட், லெஹ்தினென் இருவரும் பெர்லின் ஓடுபாதையில் நிற்கிற படத்தை விளையாட்டுக்கும் இராணுவத்துக்கும் நடுவில், சட்டகம் இல்லாமல் ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு வேலைக்கு இடையில் ஐந்து நிமிடம் வெளியே போய் நின்றேன்.

இன்று போர் ஓய்ந்த நாள். சாக்கியார்விப் பக்கத்து அம்மாவுக்குக் காலையில் அந்தப் போல்காவைப் போட்டேன். விரல் தட்டியது. இசை முடிந்ததும் என் கையைப் பிடித்து, ‘வண்டி கட்டியாயிற்றா’ என்று கேட்டார். இன்னும் இல்லை அம்மா, நேரம் இருக்கிறது என்றேன். சரி, அப்ப இன்னொரு தரம் போடு என்றார்.